வீட்டுப் பழநூலுக்கு ஒரு படி

தமிழ்நாட்டுக்கு வெளியே, தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி இரண்டு மூன்று தலைமுறைகளைக் கடந்துவிட்ட தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பழைய தமிழ் நூல் ஒன்றேனும் இருப்பதைக் காணலாம். சிலர் வீட்டில் அது சொந்த ஊர்க் கோயிலின் தலபுராணமாக இருக்கும். வேறு சிலர் வீட்டில் கொள்ளுப்பாட்டனார் இயற்றிய பதிகமாகவோ, பாட்டியார் தொகுத்த நலங்குப் பாட்டுகளாகவோ, கைகண்ட மருந்துகளைக் கூறும் வைத்திய நூலாகவோ இருக்கும். கும்பகோணத்திலோ மதுரையிலோ திருநெல்வேலியிலோ ஒரு சிறிய அச்சுக்கூடத்தில் சில நூறு படிகளே அச்சிடப்பெற்று, உறவினருக்கும் நண்பருக்கும் வழங்கப்பெற்ற நூல்கள் இவை. கடைகளில் இவை கிடைப்பதில்லை, மறுபதிப்பும் வந்திருக்காது. இத்தகைய நூலுக்குக் குடும்பத்தாரின் பயனுக்காகப் படி எடுப்பது எப்படி, அதற்குச் சட்டம் எவ்வளவு இடம் தருகிறது, எவற்றில் கவனம் வேண்டும் என்பவற்றை இங்கே பார்ப்போம்.

படி எடுப்பது நமக்குப் புதிய வழக்கமன்று. பனையோலைச் சுவடிகளுக்கு ஆயுள் வரையறை உண்டு. பூச்சியும் ஈரமும் அவற்றை அரிக்கும். ஆகவே, பழைய சுவடி நைந்து போவதற்கு முன்னே புதிய ஓலையில் அதைப் பெயர்த்தெழுதி வைப்பது முன்னோரின் கடமையாக இருந்தது. அந்தக் கடமையை ஒரு தலைமுறை மறந்தால், அந்நூல் அத்தலைமுறையோடு முடிந்துவிடும். 1887-ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சிட்டார். அதே ஆண்டில் சி. வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையை வெளியிட்டார். அவர்கள் கைக்கு வந்த ஏடுகள் பல, தொட்டால் உதிரும் நிலையில் இருந்தன. எங்கோ ஒரு வீட்டில் யாரோ ஒருவர் பொறுமையாகப் பெயர்த்தெழுதி வைத்த படிகளே அந்நூல்களை அச்சுக்கூடம் வரை கொண்டுவந்து சேர்த்தன.

அச்சு வந்தபின் இந்தக் கவலை தீர்ந்தது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் அச்சு நூலின் ஆயுள் சில வேளைகளில் ஓலையின் ஆயுளைக் காட்டிலும் குறைவு. கந்தல் துணியிலிருந்து செய்யப்பட்ட பழைய காகிதம் நீண்ட நாள் நிற்கும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மரக்கூழ், புல், மூங்கில் போன்றவற்றால் செய்த மலிவான காகிதம் புழக்கத்துக்கு வந்தது. மை ஊறாமல் இருப்பதற்காக அதில் படிகாரமும் ஒருவகை மரப்பிசினும் சேர்த்தனர். இந்தப் படிகாரம் காலப்போக்கில் காகிதத்துக்குள்ளேயே அமிலத்தை உண்டாக்கும். அமிலம் காகித நார்களைத் துண்டு துண்டாக அறுக்கும். அதனால் தாள் முதலில் பழுப்பேறுகிறது. பிறகு மடித்த இடத்தில் ஒடிகிறது. இறுதியில் அப்பளம்போல் நொறுங்குகிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் காகிதத் தட்டுப்பாடு நிலவியதால், அவ்வாண்டுகளில் வெளிவந்த நூல்கள் பலவற்றின் தாள் இன்னும் மட்டமானது. சென்னைக் குஜிலிக் கடைகளில் விற்ற சிறு நூல்களைப் போன்றவற்றில் இரும்புக் கம்பி குத்தப்பட்டிருந்தால், துரு ஏறிய இடத்தைச் சுற்றிலும் தாள் தனியே கழன்று வரும்.

வெப்பமும் ஈரமும் இந்த அழிவை விரைவுபடுத்துகின்றன. மும்பையிலும் கொல்கத்தாவிலும் மழைக்காலத்தில் நூலில் பூஞ்சணம் பூக்கிறது. தில்லியிலோ கடுங்கோடையில் தாள் காய்ந்து முறுகிவிடுகிறது. பின்னர் மழை வந்ததும் ஈரத்தை உறிஞ்சி நெளிகிறது. மாற்றலாகும் ஊருக்கெல்லாம் பெட்டியில் பயணம் செய்த நூலானால் கேட்க வேண்டியதில்லை. ஆகவே, படி எடுப்பதை ‘அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடுவது தகாது.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். இது 1958 சனவரி 21 முதல் நடைமுறைக்கு வந்தது. பின்னர்ப் பலமுறை திருத்தப்பெற்றது. இச்சட்டப்படி, ஆசிரியர் தம் வாழ்நாளில் வெளியிட்ட நூலுக்கு அவர் வாழும் காலம் முழுவதும், அவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் வரையிலும் பதிப்புரிமை உண்டு. 1992-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் இக்காலம் 50 ஆண்டுகளாக இருந்தது. கணக்கிடும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். உ. வே. சாமிநாதையர் மறைந்தது 1942-இல். 1943 சனவரி முதல் நாளிலிருந்து 60 ஆண்டுகளைக் கணக்கிட்டால் 2002 டிசம்பர் 31-ஆம் நாளோடு அக்காலம் முடிகிறது. அதன்பின் அவர் எழுதியவற்றை யாரும் படி எடுக்கலாம். அச்சிட்டு வெளியிடவும் செய்யலாம். ஆசிரியர் பெயர் தெரியாத நூலாயின், அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளைக் கணக்கிட வேண்டும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஒரே நூலில் பலருடைய உழைப்பு கலந்திருக்கலாம். மூலப்பாடல் மிகப் பழையது. அதற்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. ஆனால் அதற்கு உரை எழுதியவர் 1970-இல் மறைந்திருந்தால், அவ்வுரைக்கு 2030-ஆம் ஆண்டின் இறுதி வரை உரிமை உண்டு. முன்னுரை, படங்கள் ஆகியவற்றுக்கும் இவ்வாறே தனித்தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டும். மற்றொன்று: தமிழ்நாட்டு அரசு ஆசிரியர் பலருடைய படைப்புகளின் உரிமையைப் பரிவுத்தொகை தந்து பெற்று நாட்டுடைமையாக்கியிருக்கிறது. பாரதியார் பாடல்களின் உரிமையை 1949-இல் அரசு ஏற்று, பின்னர் அதைப் பொதுமக்களுக்கே அளித்தது இவ்வழக்கத்துக்கு முன்னோடியாகும். அவ்வாறு நாட்டுடைமையானவற்றுக்கு 60 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை.

உரிமைக் காலம் முடியாத நூலைப் படி எடுக்கவே கூடாதா என்று கேட்கலாம். சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆராய்ச்சி உள்ளிட்ட தனிப்பட்ட சொந்தப் பயனுக்காக ஒரு நூலை நியாயமான முறையில் கையாளுவது உரிமை மீறலாகாது என்கிறது. எது நியாயம் என்பதற்குச் சட்டத்தில் பக்கக் கணக்கு இல்லை. எவ்வளவு எடுக்கிறோம், எதற்காக எடுக்கிறோம், அதனால் ஆசிரியருக்கு வரவேண்டிய வருவாய் குறைகிறதா என்பவற்றை வைத்தே அது தீர்மானிக்கப்படும். கடையில் கிடைக்கும் நூலை விலை கொடுக்க மனமின்றி முழுவதும் படி எடுப்பது நியாயமாகாது. கிடைக்காத நூலுக்கு எளிய வழி, ஆசிரியரின் வாரிசுகளுக்கோ பதிப்பாளருக்கோ ஒரு கடிதம் எழுதி இசைவு பெறுவதே. தம் தந்தையாரின் நூலை இன்னும் ஒரு வீட்டில் படிக்கிறார்கள் என்று கேட்டு மகிழாத பிள்ளைகள் அரியர். படிகளை விற்பதும், எல்லாரும் காணும்படி இணையத்தில் ஏற்றுவதும் குடும்பப் பயன் ஆகமாட்டா. அவற்றுக்கு உரிமைக் காலம் முடிந்திருக்க வேண்டும், அல்லது எழுத்து மூலமான இசைவு இருக்க வேண்டும்.

பாட்டியார் கைப்பட எழுதிய குறிப்பேடு போன்ற, அச்சில் வராதவற்றையும் இங்கே எண்ணவேண்டும். ஏட்டைக் கையில் வைத்திருப்பது வேறு. அதிலுள்ள எழுத்தின் உரிமை வேறு. பிற சொத்துகளைப் போலவே இவ்வுரிமையும் வாரிசுகளைச் சேரும். ஆகவே, மூத்தவர் வீட்டுப் பேழையில் இருக்கிறது என்பதற்காக அது மூத்தவருக்கு மட்டும் உரியது ஆகிவிடாது. தில்லியில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், பாட்டியார் தொகுத்து அச்சிட்ட திருமணப் பாட்டு நூல் ஒன்றைப் பற்றி உடன்பிறந்தார் நால்வருக்குள் நெடுநாள் மனத்தாங்கல் இருந்தது. ஒருவர் கேட்டால் மற்றவர் அனுப்ப அஞ்சுவார். ஒரு திருமணத்தின்போது அவசரமாக நகலெடுக்கும் கடைக்கு அதை எடுத்துச் சென்றனர். கடைப்பையன் நூலைக் கண்ணாடிமேல் கவிழ்த்து, மூடியை அழுத்தினான். முதுகு இரண்டாகப் பிளந்தது. பன்னிரண்டு தாள்கள் ஒடிந்தன. நால்வருக்கும் தலா ஒரு படி என்று முன்பே முறையாக எடுத்திருந்தால், நூலும் பிழைத்திருக்கும், மனமும் கெட்டிராது.

ஆகவே, படி எடுக்கும் முறையை அறிந்துகொள்வது அவசியம். பழைய நூலை ஒருபோதும் 180 பாகை விரித்துக் கவிழ்க்கக் கூடாது. நூலை மல்லாத்தி வைத்து, மேலிருந்து நிழற்படம் எடுப்பதே தக்கது. இரண்டு தலையணைகளையோ, துணி சுற்றிய இரண்டு அட்டைப் பெட்டிகளையோ சாய்வாக வைத்து நடுவில் நூலை அமர்த்தினால், பாதி திறந்த நிலையிலேயே பக்கங்களைப் படம் எடுக்கலாம். முதலில் வலப்பக்கங்களை எல்லாம் வரிசையாக எடுத்துவிட்டு, பிறகு இடப்பக்கங்களை எடுப்பது எளிது. சன்னல் வழியே வரும் மென்மையான பகல் ஒளி நல்லது. விளக்கு வைப்பதாயின் இரு புறமும் ஒவ்வொன்றாகச் சாய்வாக வைக்கவேண்டும். படக்கருவியின் மின்னல் விளக்கு வேண்டா. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு தாளைப் புரட்டவேண்டும். எச்சில் தொட்டுப் புரட்டும் வழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும்.

படத்தின் நுட்பத்தைப் பற்றி ஒரு கணக்கு. அச்செழுத்துத் தெளிவாக விழ, ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகளாவது இருக்கவேண்டும். ஐந்தரை அங்குல அகலமும் எட்டரை அங்குல உயரமும் உள்ள ஒரு பக்கத்துக்கு இது சுமார் 42 இலட்சம் புள்ளிகள் ஆகிறது. இன்றைய கைப்பேசிகள் பெரும்பாலானவற்றின் படக்கருவி இதைவிட மிகுந்த புள்ளிகளைப் பதியவல்லது. எனவே விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. கைநடுங்காமல் கைப்பேசியை நிறுத்தும் ஒரு தாங்கி இருந்தால் போதும். உரையின் சிற்றெழுத்துகள் மிகுந்த நூலுக்கு 400 புள்ளிகள் நல்லது. கறுப்பு வெள்ளையில் எடுக்காமல் வண்ணத்திலேயே எடுப்பது சிறந்தது. பழுப்பேறிய தாளில் மங்கிய புள்ளியும், ஓரத்தில் பென்சிலால் எழுதிய குறிப்பும் வண்ணப் படத்தில் தப்பாமல் தெரியும்.

எதையும் விடக்கூடாது என்பது அடுத்த விதி. அட்டை, முகப்பு, வெற்றுத்தாள், பிழைதிருத்தப் பட்டியல், இறுதியிலுள்ள விளம்பரம் ஆகிய அனைத்தையும் எடுக்கவேண்டும். அச்சுக்கூடத்தின் பெயரும், எத்தனை படிகள் அச்சாயின என்பதும் பெரும்பாலும் முகப்பின் பின்புறத்தில்தான் இருக்கும். முதல் வெற்றுத்தாளில் ‘சிரஞ்சீவி மகளுக்குச் சீமந்தத்தன்று அளித்தது’ என்று எழுதியிருந்தால், பிற்காலத்தில் அந்த ஒரு வரிக்காகவே நூலைத் தேடுவார்கள்.

பழைய நூல்களில் பக்க எண்கள் தமிழ் எண்களாக இருப்பதுண்டு. ஒன்று ‘க’ போலவும், இரண்டு ‘உ’ போலவும், ஏழு ‘எ’ போலவும், எட்டு ‘அ’ போலவும் தோன்றும். இதை அறியாதவர் எண்ணை எழுத்தென்று மயங்கிப் பக்கங்களை மாற்றி அடுக்கிவிடுவர். ஆண்டும் சில நூல்களில் அறுபதாண்டுச் சுழற்சிப் பெயரால் மட்டும் குறிக்கப்பட்டிருக்கும். ‘விரோதி வருஷம்’ என்றிருந்தால் அது 1889-90 ஆகவும் இருக்கலாம். 1949-50 ஆகவும் இருக்கலாம். தாளையும், அச்செழுத்தையும், முன்னுரையில் வரும் பெயர்களையும் பார்த்து எது என்று துணிய வேண்டும்.

படம் எடுத்ததோடு நில்லாமல், நூலைத் தட்டெழுதி வைக்கவும் சிலர் விரும்புவர். படத்திலிருந்து எழுத்தைத் தானே பிரித்தறியும் கணிப்பொறி முறைகள் இப்போது தமிழுக்கும் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ணை, லை, ளை, னை ஆகியவை மேலே கொம்பு வளைந்த வடிவிலும், ணா, றா, னா ஆகியவை கீழே சுழித்த வடிவிலும் அச்சிடப்பெற்றன. இவ்வடிவங்களில் அம்முறைகள் தடுமாறக்கூடும். எனவே ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, மற்றொருவர் தட்டெழுதியதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இன்றியமையாதது. ஒரே சொல் அடுத்தடுத்த இரண்டு வரிகளில் வரும்போது கண் ஒரு வரியைத் தாண்டிவிடும். ஏடு எழுதியவர் காலத்திலிருந்தே இருந்துவரும் பிழை இது. பிழைபோல் தோன்றும் இடத்தையும் நாமாகத் திருத்தக்கூடாது. உள்ளபடியே எழுதி, நம் கருத்தை அடிக்குறிப்பாகத் தருவதே முறை.

நூலில் சில தாள்கள் இல்லையென்றால் மனம் தளர வேண்டா. வேறு படி எங்கேனும் இருக்கலாம். 1954-ஆம் ஆண்டின் நூல்கள் அளிப்புச் சட்டப்படி, வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியையும் பதிப்பாளர் கொல்கத்தாவின் தேசிய நூலகத்துக்கும், சென்னைக் கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட வேறு சில பொது நூலகங்களுக்கும் அனுப்ப வேண்டும். எல்லாரும் அனுப்பினார்கள் என்று சொல்ல முடியாது; எனினும் தேடிப் பார்ப்பது தகும். கொல்கத்தாவில் வாழ்வோர்க்கு மற்றொரு செய்தி: தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர் ச. வையாபுரிப் பிள்ளையின் நூல் தொகுதி அத்தேசிய நூலகத்தில்தான் இருக்கிறது. சென்னையில் 1994-இல் நிறுவப்பெற்ற ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், செட்டிநாட்டுக் கோட்டையூரில் ஒரு தனிமனிதர் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களை அடிப்படையாகக் கொண்டது. சிறு நூல்கள், நாடக விளம்பரங்கள் முதலியவை அங்கே உண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் பலவற்றின் படங்களை எந்த ஊரிலிருந்தும் காணலாம். அங்கே நம் நூல் முன்பே இருந்தால், நம் உழைப்பு மிச்சம். வேறு படியிலிருந்து சேர்த்த தாள்களை, அவை எங்கிருந்து வந்தன என்று குறித்து வைக்கவேண்டும்.

இனி அச்சிடுவது. அமிலம் நீக்கிய காகிதம் என்று கேட்டு வாங்குவது முதற்கடமை. இல்லையேல் அதே நோயைப் பேரனுக்கும் கொடுத்தவர் ஆவோம். கட்டுமானத்துக்காக உள் ஓரத்தில் முக்கால் அங்குலமாவது வெற்றிடம் விடவேண்டும். பசையிட்டு ஒட்டுவதைக் காட்டிலும் நூலால் தைத்த கட்டுமானம் நிலைக்கும். தொடக்கத்தில் ஒரு தாள் சேர்த்து, மூலநூல் யாரிடம் உள்ளது, எப்போது படி எடுக்கப்பெற்றது, எவ்வெப் பக்கங்கள் இல்லை என்பவற்றைக் குறிப்பிடுவது நலம். கணிப்பொறிக் கோப்புகளை ஒரே வட்டில் வைப்பது போதாது. வெவ்வேறு ஊரிலுள்ள இரண்டு மூன்று வீடுகளில் ஒவ்வொரு படி இருக்கட்டும். ஆண்டுக்கொரு முறை திறந்து பார்த்து, ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய வட்டுக்கு மாற்றவேண்டும். ஓலையைப் பெயர்த்தெழுதிய அதே கடமை இங்கேயும் தொடர்கிறது.

படி எடுத்தாயிற்று என்று மூலத்தைப் புறக்கணிக்கக் கூடாது. கிழிந்த தாளை ஒட்டுநாடாவால் ஒட்டவேண்டா. அதன் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகிக் காகிதத்தில் ஊறிவிடும். பிளாஸ்டிக் உறையிட்டு உருக்கி ஒட்டுவது நூலை அடியோடு கெடுக்கும். துருப்பிடித்த கம்பியை மெல்ல நீக்கி, தூய பருத்தித் துணியில் சுற்றி, அட்டைப்பெட்டியில் படுக்க வைத்து, சுவரை ஒட்டாத அலமாரியில் வைத்தால் போதும். அத்துணியில் வசம்பைக் கட்டி வைப்பது நம் முன்னோர் வழக்கம். அவ்வப்போது திறந்து பார்ப்பது அதைக் காட்டிலும் நல்ல காப்பு.

ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது. வடநாட்டில் பிறந்து வளரும் நம் பிள்ளைகள் பலர் தமிழ் பேசுவர், படிக்க அறியார். அவர்களுக்கு இந்தப் படியால் என்ன பயன்? தமிழ்ப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் தேவநாகரியில் எழுதி வைக்கலாம். ழ, ற, ன ஆகிய எழுத்துகளுக்கு அடியில் புள்ளியிட்ட வடிவங்கள் தேவநாகரியில் உள்ளன. ‘க’ என்னும் ஒரே எழுத்து ‘கடல்’ என்பதில் ஒரு விதமாகவும், ‘அகம்’ என்பதில் வேறு விதமாகவும் ஒலிப்பதைக் கேட்டு எழுதவேண்டும். எழுத்தோடு எழுத்தாக மாற்றினால் பாட்டின் ஓசை கெடும்.

இதைவிட விரைந்து செய்யவேண்டியது ஒன்று உண்டு. நலங்குப் பாட்டு நூலில் சொற்கள்தாம் உள்ளன, மெட்டு இல்லை. ‘இராகம் இன்னது’ என்று ஒரு வரி அச்சிட்டிருந்தாலும், அதை வீட்டில் எப்படிப் பாடினார்கள் என்பது எண்பது வயதைத் தாண்டிய அத்தையின் தொண்டையில்தான் இருக்கிறது. அடுத்த கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும்போது நூலின் படி ஒன்றை அவருக்கு எடுத்துச் செல்லுங்கள். பக்கம் பக்கமாகப் பாடச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பாட்டின் பெயரையும் பக்க எண்ணையும் முதலில் சொல்லிப் பதிவது, பின்னர்த் தேடி எடுக்க உதவும். நூலை இன்னும் சில ஆண்டுகள் பெட்டியில் வைத்துக் காக்கலாம். அத்தையின் குரலை அப்படிக் காக்க இயலாது.